ஓதக்கரையின் வாய்

மலை உச்சியில் தலைநகரை வைத்துக்கொண்டு ஒரு நாடு இருந்தது. அதை ஆண்ட மன்னர்கள் யாரும் கடலைப் பார்த்ததில்லை. கடலுக்கான சட்டங்களை அவர்களே எழுதினார்கள்.

நாட்டுக்கு நான்கு மாகாணங்கள்: காட்டுப்புறம், வயல்புறம், மந்தைப்புறம், ஓதக்கரை. ஆண்டுக்கு ஒருமுறை பெருமன்றம் கூடும். ஒவ்வொரு மாகாணமும் தன் சார்பில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பும். அவருக்கு ‘வாய்’ என்று பட்டம். மன்னர் திரைக்குப் பின்னால் அமர்ந்திருப்பார். திரைக்கு வெளியே ‘செவியர்’ என்ற அதிகாரி நிற்பார். வாய் சொல்வதைக் கேட்டுக்கொண்டு உள்ளே போய் மன்னரிடம் சொல்வது அவர் வேலை. முதல் செவியருக்கு வயதாகிவிட்டதால் ஒரு சொல்லுக்கு மேல் நினைவில் நிற்கவில்லை. ஆகவே ஒரு வாய் ஒரு கேள்விக்கு ஒரு சொல்தான் சொல்லலாம் என்று சட்டம் வந்தது. அந்தச் செவியர் இறந்துபோனார். பின்னால் வந்தவர்களுக்கு நல்ல நினைவாற்றல் இருந்தது. சட்டம் அப்படியே இருந்தது.

ஓதக்கரைக்கு ஒரே கவலை. ஆற்றுவாய் தூர்ந்துகொண்டிருந்தது. ஊர்த் தோணிகள் ஆற்றின் வழியாகத்தான் கடலுக்குப் போகவேண்டும், ஆற்றின் வழியாகத்தான் திரும்பவேண்டும். ஆறு கடலில் சேரும் இடத்தில் மணல் மேடு கட்டிவிட்டது. அலை அங்கே வந்து உடையும். சுமையோடு திரும்பும் தோணி அந்த அலையில் சிக்கினால் புரண்டுவிடும். கடலில் பிழைத்து வந்தவன் வீட்டுக் கூரை தெரியும் தூரத்தில் செத்தான். மணலை வார மன்னரின் தூர்வாரும் படையால்தான் முடியும்.

“ஆத்துவாயைத் தொறக்க ஒரு வாய் வேணும்” என்று ஊர் பேசிக்கொண்டது.

ஓதக்கரையில் தேர்தல் கயிற்றால் நடக்கும். போட்டியிடுகிறவர்கள் ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்து நிற்பார்கள். யார் கயிற்றை அதிகம் பேர் வந்து பிடிக்கிறார்களோ அவர் வாய். அந்த ஆண்டு உப்பளத்து முதலாளி வேதகிரியும் தேசப்பனும் நின்றார்கள். தேசப்பன் பெரியவலைக்குக் குரல் கொடுப்பவன். கரையில் நின்று ஊரே இழுக்கும் வலை அது. எப்போது இழுக்க, எப்போது தளர்த்த என்று அவன் குரல் சொல்லும். எதிர்காற்றிலும் கேட்கும் குரல். அதைத் தவிர அவனிடம் சிறப்பாக எதுவும் கிடையாது.

“வேதகிரி வாயைத் தொறந்தா உப்புதான் வரும்” என்றாள் தேசப்பனின் தங்கை தனக்கோட்டி. “எங்கண்ணன் தொறந்தா மலையே திரும்பிப் பாக்கும்.”

ஊர் தேசப்பனின் கயிற்றைப் பிடித்தது.

இங்கே ஓதக்கரையின் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். அந்த மக்கள் ‘இல்லை’ என்ற சொல்லைச் சொல்லமாட்டார்கள். கடல் கேட்டுக்கொண்டிருக்கிறது, கேட்ட சொல்லை அது நிறைவேற்றிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் வலை வெறுமையாக வந்தால் ‘நிறைவு’ என்பார்கள். பானையில் கஞ்சி தீர்ந்துபோனால் ‘நிறைவு’. உண்மையாகவே நிறைந்திருந்தால் எதுவும் சொல்வது கிடையாது. கண் பட்டுவிடும் என்று கூடையை மூடிக்கொண்டு போய்விடுவார்கள்.

புறப்படும் அன்று தனக்கோட்டியின் கணவன் மன்னாரு ஆற்றங்கரை வரை கூடவே வந்தான்.

“வழி உண்டான்னு கேப்பாங்க மச்சான். வருஷா வருஷம் அதான் கேள்வியாம். ஒரே சொல்லுதான். அந்தச் சொல்லச் சொல்லிடுவியா?”

“சொல்லிடுவேன்.”

“எங்களால முடியாது. மலையில நின்னு சொன்னா கடலுக்குக் கேக்காது. நீ தைரியமாச் சொல்லு.”

மலைப்பாதை முழுக்க தேசப்பன் அந்தச் சொல்லைப் பழகினான். முதலில் உதட்டை மட்டும் அசைத்தான். பிறகு மூச்சாக விட்டான். மேலே போகப்போக அந்தச் சொல் எங்கும் கேட்டது. உப்பு இல்லை, நேரம் இல்லை, சில்லறை இல்லை என்று மலை மக்கள் சர்வ சாதாரணமாகச் சொன்னார்கள். சொன்னவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. தலைநகரின் வாசலை அடைந்தபோது அவன் நாக்குக்கு அது பழகியிருந்தது.

பெருமன்றத்தில் பேரமைச்சர் நெடுமதியார் எழுந்து நின்று கேள்வியை அறிவித்தார்.

“மன்னர் வினவுகிறார். உங்கள் மாகாணத்துக் குடிகள் போகவர வழி உண்டா?”

“இல்லை” என்றார் காட்டுப்புறத்தின் வாய். செவியர் திரைக்குள் போய்வந்தார். உள்ளேயிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது.

“இல்லை” என்றார் வயல்புறத்தின் வாய். பெருமூச்சு.

“இல்லவே இல்லை” என்றார் மந்தைப்புறத்தின் வாய். சொல் அதிகமானதால் அவருடைய பதில் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது.

தேசப்பன் எழுந்தான். எதிரே பெரிய சாளரம். சாளரத்துக்கு வெளியே அரண்மனைக் கொடி. கொடி மேற்கே பார்த்துப் படபடத்தது. கிழக்குக் காற்று. இந்தக் காற்றில் அலை நேராக ஆற்றுவாயில் வந்து உடையும். இந்த நேரத்தில் மன்னாரு கரைக்குத் திரும்பிக்கொண்டிருப்பான். மேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று அலை எண்ணிக்கொண்டிருப்பான்.

அந்தச் சொல்லைக் கடல் கேட்டுவிட்டால்?

“ஓதக்கரையின் வாய்” என்றார் நெடுமதியார். “மன்னர் காத்திருக்கிறார்.”

“நிறைவு” என்றான் தேசப்பன்.

மன்றம் அவன் பக்கம் திரும்பியது. செவியர் உள்ளே போனார். பெருமூச்சு வரவில்லை. திரைக்குப் பின்னால் யாரோ கை தட்டினார். ஒரே ஒரு ஆள் தட்டும் ஓசை. பிறகு மன்றமே தட்டியது.

“ஐயா, அது வந்து…” என்று தேசப்பன் தொடங்கினான். சேவகன் கோலைத் தரையில் தட்டினான். ஒரு சொல் முடிந்துவிட்டது.

அவனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஓதக்கரையில் வழி நிறைந்திருப்பதால், அங்கே போகவிருந்த தூர்வாரும் படை அரண்மனைத் தோட்டத்தில் தாமரைக் குளம் வெட்ட அனுப்பப்பட்டது.

ஊர் ஆற்றங்கரையில் காத்திருந்தது. மன்னாரு உயிரோடு முன்னால் நின்றான்.

“என்னா மச்சான்? ஆளுங்க வராங்களா?”

“நிறைவு” என்றான் தேசப்பன்.

எல்லோருக்கும் புரிந்தது. யாரும் அவனைக் குறை சொல்லவில்லை. மலைக்காரர்களை ஏசினார்கள். “கல்லுல பொறந்தவனுங்க” என்றான் மன்னாரு.

தனக்கோட்டி பொன்னாடையின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள். “இது எதுக்குண்ணா குடுத்தாங்க?”

“எல்லாருக்கும் குடுத்தாங்க.”

அவள் துணியை விட்டாள்.

அந்தப் பருவத்தில் காத்தவராயனின் தோணி மேட்டில் புரண்டது. அதில் நான்கு பேர் இருந்தார்கள். காத்தவராயனின் மனைவி கரையில் நின்று, தோணி எங்கே என்று கேட்டவர்களிடம் நிறைவு, நிறைவு என்றாள். தேசப்பன் வீட்டுக்குள் உட்கார்ந்து அதைக் கேட்டான்.

அடுத்த ஆண்டு மன்றம் கூடும் முன் நெடுமதியார் அவனைத் தோட்டத்துக்கு அழைத்தார். குளம் வெட்டி முடிந்திருந்தது. வாரிய மணல் ஓரத்தில் குன்றாகக் கிடந்தது. ஒரு தோட்டக்காரன் படிக்கட்டில் உட்கார்ந்து தாமரைத் தண்டுகளைக் கத்தரியால் நறுக்கிக்கொண்டிருந்தான்.

“இந்த ஆண்டு என்ன சொல்லப்போகிறீர்கள்?” என்று நெடுமதியார் கேட்டார்.

தேசப்பன் துணிந்துவிட்டிருந்தான். “ஐயா, போன வருஷமே தப்பாயிடுச்சு. எங்க ஊர்ல நிறைவுன்னா…”

“வெறுமை.”

தேசப்பன் அவரைப் பார்த்தான்.

“எங்கள் வீட்டில் சமைத்தவள் உங்கள் கரைக்காரி” என்றார் நெடுமதியார். “சின்ன வயதில் நான் பணியாரம் கேட்பேன். நிறைவு கண்ணு என்பாள். ஆசையோடு பானையைத் திறந்து பார்ப்பேன். அழுதிருக்கிறேன்.” அந்த நினைவில் அவர் கொஞ்சம் சிரித்தார். “பானையைத் திறந்து பார்த்தவன் அந்தச் சொல்லை மறக்கமாட்டான்.”

“அப்போ அன்னைக்கே உங்களுக்கு…”

“அன்றைக்கே. நீங்கள் சொல்லும்போது அது வெறுமை. மன்னர் கேட்கும்போது அது நிறைவு. நீங்களும் பொய் சொல்லவில்லை, நானும் பொய் சொல்லவில்லை. ஒரு நாட்டை ஆள இதைவிட நல்ல சொல் கிடைக்குமா?”

கத்தரி நறுக்கிக்கொண்டிருந்தது.

“இந்த வருஷம் இல்லேன்னு சொல்லப்போறேன் ஐயா.”

“சொல்லலாம். ஆனால் மன்னர் சென்ற ஆண்டு கேட்டதையும் நினைவில் வைத்திருப்பவர். இன்று இல்லை என்றால் அன்று சொன்னது பொய்யாகும். மன்னரிடம் பொய் சொன்ன நாக்குக்கு நம் சட்டத்தில் ஒரு முடிவு இருக்கிறது.” நெடுமதியார் தோட்டக்காரன் பக்கம் பார்க்கவே இல்லை. “அதே சொல்லைத் திரும்பச் சொன்னால் அமைச்சர் பதவி. உள்ளே இருந்தால்தானே உங்கள் மக்களுக்கு ஏதாவது செய்யலாம்? யோசியுங்கள்.”

தேசப்பன் யோசித்தான். உள்ளே இருந்தால் செய்யலாம் என்பது நியாயமாகத்தான் பட்டது. அன்று மாலைக்குள் அது தன்னுடைய எண்ணம்தான் என்றே அவனுக்குத் தோன்றிவிட்டது.

மன்றத்தில் நிறைவு என்றான். நாட்டின் முதல் நிறைவுத்துறை அமைச்சரானான். மலையில் வீடு கொடுத்தார்கள், பல்லக்குக் கொடுத்தார்கள். எல்லோரும் அவனை ‘அவர்’ என்றார்கள்.

ஆணைகள் ஒவ்வொன்றாக வந்தன.

ஓதக்கரை நிறைந்திருப்பதால், அது தன் மீனில் பாதியை மற்ற மாகாணங்களுக்கு நிறைவுக்கொடையாக அனுப்பவேண்டும். அனுப்பினார்கள். மீன் மலையேறி வந்து சேரும்போது நாறியது. நிறைவின் மணம் அப்படித்தான் இருக்கும் என்று அரண்மனை மருத்துவர் விளக்கினார்.

மற்ற மாகாணங்களின் வாய்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த மன்றத்தில் வயல்புறமும் மந்தைப்புறமும் நிறைவு என்றன. காட்டுப்புறம் மட்டும் இல்லை என்றது. அதற்கடுத்த மன்றத்துக்குக் காட்டுப்புறத்திலிருந்து வேறு வாய் வந்தது.

அதன்பின் ‘இல்லை’ என்ற சொல் நாடு முழுதும் நீக்கப்பட்டது. தீர்ந்தது, குறைந்தது, ஓடியது, இடிந்தது முதலிய அதன் உறவுச் சொற்களும் நீக்கப்பட்டன. யாராவது நாக்குத் தவறிச் சொல்லிவிட்டால் மன்னரின் செவி புண்படக் கூடாது என்பதால், அந்தச் சொல் எதைக் கேட்டாலும் அதை நிறைவு என்றே உள்ளே சொல்லவேண்டும் என்று செவியருக்கு உத்தரவு போனது. இந்தச் சட்டத்துக்கு விலக்கு உண்டா என்று ஓர் இளம் அதிகாரி கேட்டார். இல்லை என்று பதில் சொல்ல முடியாததால் அவர் கேள்வி நிலுவையில் வைக்கப்பட்டது. சட்டத்தை எழுதியவர் நெடுமதியார். படிக்காமலே கையெழுத்துப் போட்டவன் தேசப்பன்.

அடுத்த தேர்தலுக்கு அரசே கயிறு அனுப்பியது. ஒரே கயிறு. ஊர் அதைப் பிடித்தது.

கடைசியாகத் தூர்வாரும் படை ஓதக்கரைக்கு வந்தது. ஊரே ஓடிப்போய்ப் பார்த்தது. வண்டி வண்டியாக மணல் இறங்கிக்கொண்டிருந்தது. தாமரைக் குளத்தில் வாரிய மணல். இவ்வளவு நிறைவு கடலுக்குள் வழிந்து வீணாகக் கூடாது என்று ஆற்றுவாயின் குறுக்கே கரை எழுப்ப ஆணையாகியிருந்தது. கரையின் நடுவில் மரத்தாலான ஒரு மதகு. தோணி நுழையும் அகலம். மலைக் காவலர்கள் சக்கரத்தைச் சுற்றிக் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை அதைத் தூக்குவார்கள்.

கரையைத் திறந்துவைக்க தேசப்பன் பல்லக்கில் வந்தான். மன்னாரு குறுக்கே வந்து நின்றான். காவலன் ஈட்டியை நீட்டினான்.

“வுடுங்க. அமைச்சருக்கு நான் மச்சான்” என்றான் மன்னாரு. பிறகு பல்லக்குக்குள் குனிந்து பார்த்தான். “வாயத் தொறக்கத்தான உன்ன அனுப்புனோம்?”

“உள்ள இருந்தாத்தான் மன்னாரு ஏதாவது…”

“உள்ளதான இருக்க.”

தேசப்பன் பார்வையைக் கரைப் பக்கம் திருப்பினான்.

“காத்தவராயன் பொண்டாட்டி இன்னும் உன்னத் திட்டல” என்றான் மன்னாரு. “அதுக்கு விஷயம் தெரியாது. நிறைவுன்னு நீ சொன்னா மலைக்காரனுக்கு வேற மாதிரி கேக்கும்னு எங்க யாருக்கும் தெரியாது. மீன் வாங்க வந்தவன் சொல்லித்தான் எனக்கே தெரிஞ்சுது. நான் உன் தங்கச்சிகிட்டகூடச் சொல்லல.”

அவன் விலகி வழி விட்டான். பல்லக்கு நகர்ந்தது.

நாடு இவ்வளவு நிறைந்துவிட்டதால் அதைக் கொண்டாட விழா எடுக்கப்பட்டது. மன்னரே ஓதக்கரைக்கு வந்து கடலைக் காண்பார் என்று அறிவித்தார்கள். மணல் கரையின் மேல், மதகுக்கு நேர் மேலே, பந்தல் போட்டார்கள். மன்னர் இருக்கும் இடத்தில் திரை இருக்கவேண்டும் என்பது முறை. ஆகவே கடல் பக்கமும் திரை கட்டினார்கள். கடல் எப்படி இருக்கிறது என்பதைச் செவியர் உள்ளே போய்ச் சொல்வார்.

விழா முடியும் வரை மதகை மூடிவைக்கவேண்டும் என்று உத்தரவு. மன்னரின் காலுக்குக் கீழே குடிகள் போகக் கூடாது. இந்த உத்தரவு போடப்பட்டபோது தோணிகள் ஏற்கெனவே கடலுக்குள் போய்விட்டிருந்தன. அவற்றில் மன்னாருவின் தோணியும் ஒன்று.

நண்பகலில் கிழக்குக் காற்று எழுந்தது.

தேசப்பன் பந்தலின் ஓரத்தில், செவியருக்குப் பக்கத்தில் நின்றான். அடிவானம் செம்மண் கரைத்த நிறத்தில் இருந்தது. அந்த நிறம் அவனுக்குத் தெரியும். முதல் பாய் தெரிந்தது. பிறகு இன்னும் சில. பாய்களை இறக்கிவிட்டுத் துடுப்புப் போட்டுக்கொண்டு வந்தார்கள். மதகு மூடியிருப்பதைப் பார்த்துக் கொஞ்ச தூரத்திலேயே தயங்கினார்கள். முன்னால் நின்ற தோணியில் ஒருவன் எழுந்து தலைத்துணியை அவிழ்த்து வீசினான். முகம் தெரியவில்லை. வீசும் விதம் மன்னாருவுடையது.

கரையின் மறுபக்கம், ஊர்ப் பக்கத்தில், மூங்கில் வேலிக்கு வெளியே பெண்கள் நின்றார்கள். அவர்களுக்குக் கடல் தெரியாது. மணல் மறைத்தது. மதகும் தெரியாது. காற்று மட்டும் கேட்டது.

“அண்ணா!” தனக்கோட்டியின் குரல். “வெளிய எத்தினி தோணி நிக்குது? சொல்லுண்ணா!”

சேவகன் கோலைத் தட்டினான்.

திரைக்குள்ளிருந்து மன்னரின் குரல் மெல்லக் கேட்டது. செவியர் குனிந்து கேட்டு, வெளியே வந்து நெடுமதியாரின் காதில் சொன்னார். நெடுமதியார் எழுந்து நின்றார்.

“மன்னர் வினவுகிறார். ஏதோ கூச்சல் கேட்கிறது. வெளியே நிற்கும் தோணிகளுக்கு உள்ளே வர வேறு வழி உண்டா? நிறைவுத்துறை அமைச்சர் பதில் சொல்வார்.”

எல்லோரும் தேசப்பனைப் பார்த்தார்கள். அவன் கடலைப் பார்த்தான். முன் தோணியின் மூக்கு மேலே எழும்பி, மறைந்து, மறுபடி எழும்பியது.

“இல்லை” என்றான் தேசப்பன்.

வேலிக்கு வெளியே ஓலம் எழுந்தது. பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். காத்தவராயனின் மனைவி மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

“அடப்பாவி!” என்று தனக்கோட்டி கத்தினாள். “ஆம்பளைங்க கடல்ல நிக்கறப்ப இந்தச் சொல்லா! கடலுக்கு நேரா நின்னுக்கிட்டா! உன் நாக்கு அழுகிப் போவ!”

தேசப்பன் திரையைப் பார்த்தான். இனி என்ன ஆனாலும் சரி. சொல்லிவிட்டான்.

செவியர் வணங்கினார். திரைக்குள் போனார்.

“நிறைவு, மகாராஜா.”

“நல்லது” என்றது மன்னரின் குரல்.

நெடுமதியார் தேசப்பனின் தோளில் கை வைத்தார். “உங்கள் நாக்குக்கு ஆபத்து வராது. அது சொன்ன சொல் இந்த நாட்டில் யார் காதிலும் விழவில்லை. உட்காருங்கள்.”

அவன் உட்காரவில்லை. தோணிகளில் ஒன்று பக்கவாட்டில் திரும்பிவிட்டது. அதைச் சுற்றி நுரை. பெரிய அலை ஒன்று எழுந்து வந்து கரையில் மோதியது. பந்தல் கால்கள் ஆடின. தெறித்த நீர் திரையை நனைத்தது. கீழே மதகுப் பக்கம் யாரோ அலறினார்கள். மலை மொழி.

நெடுமதியார் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் பார்வை மூங்கில் வேலியில் இருந்தது. பெண்கள் வேலியைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மதகு வரை வந்துவிட்டால்? மதகு அவர் நின்ற இடத்திலிருந்து தெரியாது. தேசப்பன் நின்ற ஓரத்திலிருந்து மட்டும் தெரியும்.

“அமைச்சரே” என்றார் அவசரமாக. “கீழே பாருங்கள். மதகில் காவல் உண்டா?”

தேசப்பன் குனிந்து பார்த்தான்.

மதகின் சக்கரம் இருந்தது. வடம் இருந்தது. ஈர மணலில் ஈட்டிகள் கிடந்தன. பிறந்ததிலிருந்து கடலைப் பார்க்காத காவலர்கள் முதல் பெரிய அலையில் தென்னந்தோப்புப் பக்கம் ஓடிவிட்டிருந்தார்கள். காலடித் தடங்களில் தண்ணீர் நிரம்பிக்கொண்டிருந்தது.

அவன் நிமிர்ந்தான். நெடுமதியாரைப் பார்க்கவில்லை. வேலியின் பக்கம் திரும்பினான். பெரியவலைக்குக் குரல் கொடுக்கும்போது இழுப்பதுபோல் வயிறு வரை மூச்சை இழுத்தான். பல ஆண்டுகளாக அவன் அப்படி மூச்சு இழுத்ததில்லை.

“நிறைவு!”

காற்றின் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு அது போனது. பந்தலில் இருந்த அதிகாரிகள் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். காவல் நிறைய இருக்கிறது.

வேலிக்கு வெளியே சத்தம் அடங்கியது. தனக்கோட்டி காதிலிருந்து கையை எடுத்தாள். அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் மறுபடி சொன்னான்.

“மதகுல காவல் நிறைவு!”

அவள் புடவையை வரிந்து கட்டினாள். “ஏய், கேட்டுச்சா? வாங்கடி!”

வேலி சாய்ந்தது.

நெடுமதியார் முதலில் சிரித்த முகத்தோடுதான் இருந்தார். பிறகு அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது. ஒரு பானையைத் திறந்து பார்த்தவரின் முகம் அது. ஓரத்துக்கு வந்து கீழே பார்த்தார். பெண்கள் மணலில் சறுக்கி இறங்கிக்கொண்டிருந்தார்கள். காத்தவராயனின் மனைவி சக்கரத்தில் கை வைத்துவிட்டாள். மற்றவர்கள் வடத்தைப் பிடித்து வரிசை கட்டினார்கள். பெரியவலை இழுத்துப் பழகிய வரிசை.

தேசப்பன் குரல் கொடுத்தான். இழு என்றான், நிறுத்து என்றான், இழு என்றான். மதகு ஒரு சாண் எழுந்தது. தண்ணீர் சீறிக்கொண்டு உள்ளே நுழைந்தது. மறுபடி இழு என்றான். முன் தோணி திரும்பி மதகுக்கு நேராக மூக்கை வைத்தது. மன்னாரு தலைத்துணியைப் பல்லில் கடித்துக்கொண்டு துடுப்புப் போட்டான். இப்போது முகம் தெரிந்தது.

திறந்த மதகு வழியே கடல் புகுந்தது. குளத்து மணல் அதற்குத் தாங்கவில்லை. இரண்டு பக்கமும் அரிக்கத் தொடங்கியது. பந்தலின் ஒரு கால் மெல்ல இறங்கியது. ஒரு பழத்தட்டு உருண்டு போய்க் கடலில் விழுந்தது.

நெடுமதியார் செவியரின் கையைப் பிடித்தார். அவர் வாழ்நாளில் யாரையும் அப்படிப் பிடித்ததில்லை.

“உள்ளே போய்ச் சொல்! காவல் இல்லை! கரை இல்லை! நேரம் இல்லை! ஓடு!”

செவியர் திகைத்தார். இத்தனை சொற்களை அவர் ஒரே நேரத்தில் கேட்டதில்லை. ஆனால் அவர் முறை தெரிந்தவர். அதில் ஒரே சொல்தான் திரும்பத் திரும்ப வந்தது. அந்தச் சொல்லை உள்ளே எப்படிச் சொல்லவேண்டும் என்று உத்தரவும் இருந்தது. அந்த உத்தரவை எழுதியவரும் இதே நெடுமதியார்தான். அவர் வணங்கிவிட்டு, ஈரத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார்.

“பேரமைச்சர் என்ன சொல்கிறார்?” என்று மன்னர் கேட்டார்.

“நிறைவு, மகாராஜா.”

தரை இன்னும் கொஞ்சம் சாய்ந்தது.

“நல்லது” என்றார் மன்னர். “அப்படியானால் இன்னும் கொஞ்ச நேரம் இருப்போம்.”